விடுவித்த மான் மறுநாள் ஏன் இறந்தது?

சோழவரத்துக்கு வடக்கே, காப்புக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய மீன்வலையில், விடியற்காலையில் ஒரு கொம்புமான், அதாவது ஆண் புள்ளிமான், சிக்கிக்கொண்டது. தெருவே கூடி, ஒரு மணி நேரம் போராடி, வலையை அறுத்து அதை விடுவித்தார்கள். பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. மான் எழுந்து ஓடியும் போனது. ஆனால் மறுநாள் காலை, அரை கிலோமீட்டர் தள்ளிச் சவுக்குத் தோப்பில் அது செத்துக் கிடந்தது. "நல்லதுதானே செய்தோம், பிறகு ஏன் இறந்தது? இனி எங்கள் வீட்டைச் சுற்றி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். வலையில் உடைந்து தங்கிய கொம்புத் துண்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு, இப்போது மாதவரத்தில் ஓய்வில் இருப்பவன். மாடும் ஆடும்தான் என் அன்றாடப் பணி என்றாலும், மீஞ்சூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் மானுக்காக என்னைக் கூப்பிட்ட நாட்கள் பல உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பிரேதப் பரிசோதனை செய்யாமல் எந்த விலங்கின் சாவுக்கும் உறுதியான காரணம் சொல்லக் கூடாது. இருப்பினும் நீங்கள் விவரிக்கும் வரிசை எனக்கு நன்கு பழக்கமானது. அந்த மானை வலையின் காயம் கொன்றிருக்க வாய்ப்பு குறைவு. ஒரு மணி நேரத் திமிறலும், அதைச் சுற்றி நின்ற கூட்டமும், அதன் உடலுக்குள் தொடங்கிவைத்த தசைச் சிதைவே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். கால்நடை மருத்துவத்தில் இதைக் கேப்சர் மயோபதி என்பார்கள். துரத்தப்பட்டோ பிடிபட்டோ கடும் பீதிக்கு உள்ளாகும் காட்டு விலங்குகளுக்கு வரும் நோய் இது. மான் இனங்களுக்கு மிக எளிதாக வரும்.

மானின் தசை, கொஞ்ச தூரம் முழு வேகத்தில் பாய்ந்து மறைந்து, பிறகு நின்று மூச்சு வாங்குவதற்கென்று அமைந்தது. ஓடவும் விடாமல், ஓயவும் விடாமல் அதைக் கட்டிப்போட்டால், தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் தேங்குகிறது. உடல் சூடு கிடுகிடுவென்று ஏறுகிறது. தசைநார்கள் உள்ளுக்குள்ளேயே உடையத் தொடங்குகின்றன. உடைந்த தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. மயோகுளோபின் என்னும் சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது; அந்த நிலையில் மானின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வெளியேறுவதை நானே பார்த்திருக்கிறேன். சில மான்கள் பிடித்த இடத்திலேயே துவண்டு விழுந்துவிடும். மற்றவை எழுந்து ஓடிப்போய், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, சில சமயம் வாரங்கள் கழித்தோகூட இறந்துபோகும். ஓடிவிட்டது, ஆகவே பிழைத்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவதால்தான் இந்தச் சாவுகள் நம் கணக்கில் வருவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மான் வலையில் சிக்கியது ஒரு ஆபத்து, அதன்பிறகு நடந்த ஒரு மணி நேரம் அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டாவதைக் குறைக்க உங்களால் நிறையவே முடியும்.

எப்படி என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மீஞ்சூருக்கு அப்பால் ஒரு வீட்டின் பின்புறம், முருங்கை மரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் கட்டியிருந்த பச்சை நைலான் வலையில் ஒரு பெரிய கொம்புமான் மாட்டியிருந்தது. துணி காயப்போடும் கொடிக்கயிறும் சேர்ந்து கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நாங்கள் போனபோது நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் துருத்தித் துருத்தி அடங்கின. கண்ணின் வெள்ளை முழுவதும் தெரிந்தது. மதில்மேல் பத்துப் பதினைந்து பிள்ளைகள் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பழவேற்காட்டில் காலமெல்லாம் வலை பின்னியவர். அவர் முதலில் மானிடம் போகவில்லை, பிள்ளைகளிடம்தான் போனார். "எறங்குங்கடா, வெளிய போங்க. சத்தத்துலயே அதுக்கு உசுரு போயிடும்" என்று மெல்லிய குரலில் சொல்லி, எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிக் கேட்டைச் சாத்தினார். தெரு நாய்களை விரட்டிப் போக இரண்டு பேரை நிறுத்தினார். பிறகு தன் வேட்டியொன்றை நனைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "சார், நீங்க தலையைப் பாத்துக்கோங்க, வலையை நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஈர வேட்டி கண்ணை மூடிய அரை நிமிடத்தில் அந்த மூச்சின் வேகம் காதில் கேட்கும் அளவுக்குக் குறைந்தது. மானின் பீதியில் பாதி, கண் வழியாக உள்ளே போவது. அதன்பின் அவர் முதலில் கழுத்தைச் சுற்றிய கண்ணிகளை மட்டும் அறுத்தார், பிறகு காலை, கடைசியில் கொம்பை. கொம்பில் பின்னிக் கிடந்த வலையை முழுவதும் எடுக்க முயலவில்லை. தொங்கும் நீளத்தை ஒட்ட நறுக்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டார். அது சரியான முடிவு. புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. கொம்பு விழும்போது நூலும் விழுந்துவிடும். அந்த நான்கு இழையை அழகாக நீக்குவதற்காக இன்னும் கால் மணி நேரம் மானை அமுக்கிப் பிடிப்பது, அதன் உயிரைப் பணயம் வைப்பதாகும். மொத்தம் இருபது நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. முள்காட்டுப் பக்கம் மட்டும் வழி திறந்து, நாங்கள் எல்லோரும் பின்னால் ஒதுங்கி, கடைசியாக வேட்டியை இழுத்தோம். மான் ஓடவில்லை, நடந்து போனது. ஒரு வாரம் கழித்து, கொம்பில் பச்சை நூலோடு ஒரு மானை மந்தையில் பார்த்ததாக வனக்காவலர் சொன்னபோது அந்தப் பெரியவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

இதில் சேர்க்க வேண்டியவை சில உண்டு. மானை ஒருக்களித்தோ மல்லாத்தியோ படுக்க வைக்கக் கூடாது. அசைபோடும் விலங்கு என்பதால், அப்படிக் கிடத்தினால் வயிற்றில் வாயு கட்டும். இரைப்பையில் உள்ளது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். மாடு அசைபோடும்போது உட்கார்வதுபோல, நெஞ்சு தரையில் படும்படி, தலை சற்று உயர்ந்து இருக்க வேண்டும். இரக்கத்தில் வாயில் தண்ணீரோ இளநீரோ சோடாவோ ஊற்றுவது நம் ஊர்களில் பெரிய வழக்கம்; திமிறிக்கொண்டிருக்கும் மானுக்கு அது நேரே மூச்சுக்குழாயில் இறங்கும். தண்ணீரைக் கால்களிலும் அடிவயிற்றிலும் ஊற்றுங்கள், சூடு தணியும். பிடிப்பவர் கொம்புக்கு எதிரே நிற்காமல் தோளுக்குப் பின்னால் இருந்து பிடிக்க வேண்டும். வளர்ந்த ஆண் 70 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு தலையசைப்பில் வயிற்றைக் கிழித்துவிடும். கொம்பு வெல்வெட் போன்ற தோல் மூடிய நிலையில் இருந்தால் அதைக் கைப்பிடியாகப் பிடிக்கவே கூடாது, ஏனெனில் அப்போது அது இரத்தம் ஓடும் உயிருள்ள உறுப்பு. உடைந்தால் பீறிட்டுக் கொட்டும். மான் வெகுநேரம் திமிறியிருக்கிறது என்று தெரிந்தால், உடனே விட்டுவிடாமல், வனத்துறையினரோடு கால்நடை மருத்துவர் வரும்வரை இருட்டான, அமைதியான இடத்தில் கண்ணை மூடி வைத்திருப்பது நல்லது. நரம்பு வழியாகத் திரவமும் சோடியம் பைகார்பனேட்டும் நேரத்தில் கொடுத்தால் சிலவற்றைக் காப்பாற்ற முடிகிறது; எல்லாவற்றையும் முடிவதில்லை.

யாரை அழைப்பது என்பதை அந்த நேரத்தில் தேடக் கூடாது. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றே கேட்டு வாங்கி மோட்டார் ரூம் கதவில் எழுதி வையுங்கள். கிணற்றில் விழுந்தால் தீயணைப்புத் துறைக்கு 101. கால்நடை அவசர ஊர்திக்கு 1962.

இனி, மான் உங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். சென்னையில் மான் என்றாலே எல்லோருக்கும் கிண்டிதான் நினைவுக்கு வரும். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. நமக்கு வடக்கே அப்படி எல்லை எதுவும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் முள்புதர்க் காப்புக்காடுகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இடையிடையே தைலமரத் தோப்பு, ஏரி, நெல்வயல், செங்கல் சூளை, ஜி.என்.டி. சாலையோரக் குடோன்கள், கொடி நட்ட மனைப்பிரிவுகள். புள்ளிமான் அடர்காட்டின் விலங்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காட்டின் விளிம்பை விரும்புவது. திறந்த வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் புதரில் மறைவதே அதன் வாழ்க்கை முறை. நாளும் தண்ணீர் குடித்தாக வேண்டிய விலங்கு என்பதால், சித்திரை, வைகாசியில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் நம் தொட்டியையும் பம்புசெட் வாய்க்காலையும் தேடி வரும். வழி தவறி வந்தது என்று சொல்வதைவிட, அதன் வழியில் நம் வீடு வந்துவிட்டது என்பதே நடந்ததற்குப் பொருத்தமான சொல்.

ஆண் மான் ஏன் வலையிலும் கொடியிலும் இத்தனை எளிதாக மாட்டுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கொம்பு முற்றும்போது மேல்தோலை உரிக்கவும், இணை தேடும் காலத்தில் தன் பலத்தைக் காட்டவும், அது செடி கொடிகளில் கொம்பை விட்டு ஆட்டும், உரசும், தூக்கி வீசும். தொங்குகிற எதுவும் அதற்குப் புதர்தான்: பிள்ளைகளின் ஊஞ்சல் கயிறு, வாலிபால் வலை, புடைவை காயும் கொடி, அவரைப் பந்தல். அதோடு, மெல்லிய நைலான் இழை மங்கிய வெளிச்சத்தில் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மான் இனங்களுக்கு நம்மைப்போல் சிவப்பைப் பிரித்துப் பார்க்கும் திறனும் இல்லை. நாம் எச்சரிக்கைக்காகக் கட்டும் சிவப்புத் துணி அதற்கு மங்கலான ஒரு நிழல். வெள்ளைத் துணிப் பட்டைகள் நன்கு தெரியும்.

ஆகவே உங்கள் கீரைப் பாத்திக்கு என் யோசனை: அந்தப் பழைய வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். அதற்குப் பதில் மூங்கில் பிளாச்சோ, தென்னை ஓலைத் தட்டியோ கட்டுங்கள். மறைப்பாக இருந்தாலே போதும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குள் மான் குதிக்கத் தயங்கும். வலைதான் வேண்டும் என்றால், தொளதொளவென்று விடாமல் நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டி, இரண்டடிக்கு ஒரு வெள்ளைப் பட்டை தொங்கவிடுங்கள். கொல்லைப்புறக் கொடியையும் ஊஞ்சலையும் பொழுது சாயும்போது அவிழ்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

முள்கம்பி வேலியில் இன்னொரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். புள்ளிமான் சுமார் 1.5 மீட்டர் வேலியைத் தாண்டக்கூடியது. ஆனாலும் முடிந்தவரை தாண்டாது, கீழே நுழைந்து போகவே பார்க்கும். ஆகவே அடிக்கம்பி முள் இல்லாத சாதாரணக் கம்பியாகவும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலும் இருந்தால், பெரும்பாலான மான்கள் கீறல் இல்லாமல் கடந்துவிடும். தாண்டும்போது மாட்டுபவை, பின்னங்கால் மேல் இரண்டு கம்பிகளுக்கு இடையில் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி விட்டால் இந்தக் கொடுமை குறையும். புது மனைகளில் மதிலின்மேல் கண்ணாடிச் சில்லும், கேட்டின்மேல் வேல்முனையும் வைப்பவர்கள், அவை திருடனைவிட மானையே அதிகம் குத்துகின்றன என்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் வைக்க மாட்டார்கள். மின்கம்பத்திலிருந்து நேரே மின்சாரம் எடுத்து வேலிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அது மானை மட்டுமின்றி, தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் கொல்கிறது. பேட்டரியில் இயங்கும் மின்வேலி அமைப்பதற்குக்கூட 2023இல் தமிழ்நாடு அரசு பதிவையும் ஒழுங்குமுறையையும் விதியாக்கியிருக்கிறது. பைக் கிளட்ச் கம்பியில் முயலுக்கும் பன்றிக்கும் வைக்கும் சுருக்கு எங்காவது கண்ணில் பட்டால், தயவுசெய்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கிணறு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் நம் பக்கம் இன்னும் ஏராளம். போர்வெல் போட்டபிறகு கைவிடப்பட்டு, புல் மூடிக் கிடப்பவை இன்னும் மோசம். நாய்க்குப் பயந்து இருட்டில் ஓடி வரும் மான் அதைப் பார்ப்பதே இல்லை. மான் நன்றாக நீந்தும், ஆனால் பிடிமானம் இல்லாத சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கும். விழுந்துவிட்டால், கழுத்தில் கயிறு வீசி இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறியும், அல்லது மூச்சு முட்டும். நான்கு மூலையிலும் கயிறு கட்டிய ஒரு கயிற்றுக் கட்டிலை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி அசையாமல் பிடித்து, எல்லோரும் கிணற்று விளிம்பை விட்டு விலகினால், மான் தானே வந்து அதில் நெஞ்சைச் சாய்க்கும். மூழ்காமல் இருக்க அது போதும். மேலே ஏற்றுவதைத் தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டையும் இதே போன்றதுதான், ஆழம் குறைவு என்றாலும் குளம்பு வழுக்கும். ஒரு பக்கச் சரிவில் சாக்குகளைத் தைத்து விரித்து, மேலே கல் வைத்து அழுத்திவிட்டால் ஏறி வந்துவிடும். உங்கள் ஆட்டுக்குட்டிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதே சாக்கு பயன்படும்.

இவை எல்லாவற்றையும்விட நாய்களே மானை அதிகம் வீட்டுக்குள் விரட்டுகின்றன. கல்யாண மண்டபத்துக்கும் கறிக்கடைக்கும் பின்னால் கொட்டும் மிச்சத்தில் வளரும் நாய்க்கூட்டம், இரவில் காட்டோரம் வேட்டைக்குப் போகிறது. நாய் கடித்த மானுக்கு வெளியே இரண்டு சிறு ஓட்டைகள்தான் தெரியும்; உள்ளே தசை நார்நாராகக் கிழிந்திருக்கும். அப்படி ஒரு மானைத் தொட நேர்ந்தால், அதன் எச்சிலோ இரத்தமோ பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மண்டபத்து மிச்சச் சோறு மானுக்கும் நேரடியாக நஞ்சு: புல் தின்னும் வயிற்றில் அரிசிச்சோறும் பிரெட்டும் அமிலமாகப் புளித்து அதைச் சாய்த்துவிடும், உப்பு வாசத்துக்காகத் தின்னும் பிளாஸ்டிக் பை, இரைப்பையில் பந்தாகத் திரண்டு நிற்கும்.

குட்டி தனியாகப் புல்லுக்குள் அசையாமல் படுத்திருந்தால், அது அநாதை என்று தூக்கி வராதீர்கள். தாய்தான் அதை அங்கே ஒளித்துவிட்டு மேயப் போயிருக்கிறாள்; நாயைக் கட்டிவிட்டு நீங்கள் அகன்றால் திரும்பி வருவாள்.

கடைசியாக அந்தக் கொம்புத் துண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மான் உயிரோடு இருந்தாலும் இறந்தாலும், தானாக உதிர்ந்த கொம்பானாலும், அது அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். காலம் கடந்திருந்தால் தயங்காமல் இன்றே போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். மான் எத்தனை மணிக்கு மாட்டியது, எவ்வளவு நேரம் திமிறியது, எந்தத் திசையில் ஓடியது என்பதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதுங்கள். அறுத்த வலையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் ஊரில் இன்னும் எத்தனை கொல்லையில் அதே வலை கட்டியிருக்கிறது என்று அவர்கள் கேட்டால், கூடவே நடந்து காட்ட நீங்களே பொருத்தமானவர்.